சந்தனம் காயாத துப்பாக்கி

விஜயதசமி காலையில் பூஜையைக் கலைக்க உட்கார்ந்த அனுசியா, எல்லாவற்றின் மேலும் சந்தனம் காய்ந்து வெடித்திருப்பதையும், அந்தத் துப்பாக்கியின் மேல் மட்டும் காயாமல் இருப்பதையும் பார்த்தாள். அரிவாள்மணை, தையல் மெஷின், கார் சாவி, திருப்புளி எல்லாம் முந்தின நாள் ஆயுதபூஜையில் ஒரே கிண்ணத்துச் சந்தனம் வாங்கியவைதான். விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரம் மட்டும் என்றால் சாரல் மேல் பழியைப் போட்டிருப்பாள். சந்தனம் வெதுவெதுப்பாக இருந்தது.

மலை கண்ணுக்குத் தெரியவில்லை. மேலகரத்து வீட்டின் சன்னலுக்கு வெளியே சாரல் வெள்ளைத் துணியாகத் தொங்க, குற்றாலத்து அருவி இரைச்சல் வீட்டுக்குள் வரை வந்துகொண்டிருந்தது. பொரியும் சுண்டலும் வாழைப்பழமும் மணத்த அந்த அறையில், அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. கோயில் கொடைத் திருவிழாவில் வேட்டுப் போட்ட பிறகு காற்றில் நிற்குமே, அந்த வாசனை.

அவளுக்குப் பயத்தை விடக் கோபம்தான் முதலில் வந்தது. புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு, விலை சரிந்தால் தலை சுற்றிப் படுத்துக்கொள்கிற மனுஷனுக்கு, எதற்கு இந்த எழவெல்லாம்? அவள் புருஷன் சுடலைராஜ் சின்ன வயதில் பட்டாளத்தில் சேரப் போய், மார்பளவு பத்தாமல் திரும்பி வந்தவர். அந்த வயிற்றெரிச்சலில் கண்ணாடி அலமாரி நிறைய வெடிக்காத குண்டுகளின் கூடும், ஓட்டை விழுந்த இரும்புத் தொப்பியும், பழைய யுத்தங்களின் கத்தியும் வாங்கிச் சேர்த்தார். அப்படியும் ஆறாமல் பெற்ற பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பினார்.

இந்தத் துப்பாக்கி பர்மா யுத்தத்தில் இருந்ததாம். சுட முடியாதபடி ஆக்கித்தான் விற்றார்கள். எத்தனையோ வருஷம் அலமாரியோடு கிடந்தவற்றில் இது ஒன்றை மட்டும், பிள்ளை லீவில் வந்திருக்கிறான் என்று இந்த வருஷம் பூஜையில் தூக்கி வைத்திருந்தார்.

"ஏட்டி, அதை நீ தொடாத." சுடலைராஜ் செல்போனைத் துண்டால் துடைத்தபடி வந்தார். "தம்பி வந்து எடுக்கட்டும். யூனிபார்ம் போட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன். முத்தத்துல நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கணும்."

"அவன்தான் தொட மாட்டேன்னு சொல்லிட்டாம்லா? லீவுக்கு வந்த பிள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்துதிய?"

"பூஜையில வச்சத மறுநாளு எடுத்துப் புழங்கணும்னு வருஷா வருஷம் நீதான சொல்லுத?"

அது உண்மைதான். அந்த வீட்டில் அதை விட்டதில்லை. விடிந்ததுமே, சந்தனத்தைத் துடைக்காமலே எடுத்து, அரிவாள்மணையில் ஒரு வெள்ளரிக்காய் நறுக்கித் திரும்ப வைத்திருந்தாள், மெஷினில் ஒரு தையல் ஓட்டியிருந்தாள், காரைக் கூடத் தெருமுனை வரை எடுக்கச் சொல்லியிருந்தாள். பூஜை வாங்கிய பொருள் அன்றைக்குத் தன் வேலையைச் செய்தே ஆக வேண்டும்.

"அரிவாமணையப் புழங்குனா காய் நறுக்கும். இதப் புழங்குனா என்ன செய்யும்? சொல்லுங்க."

"ஒண்ணும் செய்யாது. செத்த துப்பாக்கி அது. குழல்ல ஈயத்தக் காய்ச்சி ஊத்தியிருக்கான், பின்னால வெல்டிங் வச்சிருக்கான்."

"செத்ததுக்கு எதுக்குச் சந்தனம் வச்சிய?"

அவர் செல்போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

முத்துகுமரன் லீவுக்கு வந்த அன்றே அடுப்படியில் வந்து நின்று சொல்லியிருந்தான். பட்டாளத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்த இலத்தூர்ப் பையன் சவப்பெட்டியில் ஊர் வந்த பிறகு, அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறவனாக ஆகியிருந்தான். "எம்மா, அங்க போனா அதப் பிடிச்சுத்தான் ஆகணும். இங்கனயாவது என்ன விட்டுரச் சொல்லு."

அவரை விட வைத்தே தீருவாள். அவன் கை இதில் படக்கூடாது. அவன் மாடியிலிருந்து இறங்குவதற்குள் பின்பக்கக் கிணற்றில் போட்டுவிட வேண்டும். அப்புறம் அந்த மனுஷன் குதிக்கட்டும், கத்தட்டும்.

தூக்கினாள். கனக்கும் என்று நினைத்தாள். கனக்கவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தூக்கினால் தானாகத் தோளில் சாயுமே, அப்படிச் சாய்ந்தது. மரக்கட்டை சுட்டது. பின்வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

கால் முன்வாசலுக்குப் போனது.

அருவி இரைச்சல் நின்றிருந்தது. எப்போது நின்றது? நிலைப்படியைத் தாண்டினாள். தாண்ட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வேட்டு வாசனை தொண்டையில் கசந்தது. குண்டு ஏற்றுகிற, வெல்டிங் வைத்து மூடிய இரும்பை அவள் வலது கை பிடித்தது, மேலே தூக்கியது, பின்னால் இழுத்தது.

டக்.

முன்னால் தள்ளியது.

டக்.

பழகிய கை. யாருடைய கையோ.

துப்பாக்கி தோளுக்கு ஏறியது. கன்னம் மரத்தில் படிந்தது. நேர் எதிரே, முற்றத்தில், சாரலில், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி சுடலைராஜ்.

"ஏ, நீயா?" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு! அப்படியே நில்லு, அசையாத!"

இத்தனை வருஷக் கோபமும் அவள் விரலுக்கு வந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குச் சம்மதமாகவே இருந்தது.

ஆனால் குழல் அவரிடம் நிற்கவில்லை. எலுமிச்சை வியாபாரி அதற்கு எதற்கு? அதைச் செய்து கொடுத்தது பட்டாளக்காரனுக்காக. எதிரே வருகிற பட்டாளக்காரனைச் சுடுவதற்காக. மெல்ல இடப்பக்கம் திரும்பியது. அவள் இழுத்தாள். உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தாள். தோள் எலும்பு நொறுங்கியது. குழல் நிற்கவில்லை.

வெளிப்படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்.

பச்சை யூனிபார்ம். கழுத்துப் பொத்தானைப் போட்டபடி, தலை குனிந்து, முத்துகுமரன் இறங்கி வந்தான்.

ஓடுலே என்று கத்தப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

கடைசிப் படி. நிமிர்ந்தான்.

"எம்மா?"

"தம்பி, அங்கனயே நில்லு!" செல்போனுக்குப் பின்னாலிருந்து சுடலைராஜ் சந்தோஷமாகச் சொன்னார். "அம்மாவப் பாத்துச் சிரிலே!"

குழல் வாயிலிருந்து உருகிய ஈயம் ஒரு சொட்டு ஈரச் சிமெண்ட்டில் விழுந்து சுர்ரென்றது. இன்னொரு சொட்டு. பிறகு அங்கே ஈயம் இல்லை, வட்டமாக இருட்டு மட்டும் இருந்தது. அதற்கு நேர் எதிரே, அம்மாவைப் பார்த்து அவன் சிரிக்க, அவளுடைய விரல் மடங்கத் தொடங்கியது.