அன்று அவனுக்குக் காய்ச்சல் இல்லை

கணவன் சட்டைப் பொத்தானை மாட்ட முயன்றுகொண்டிருந்தான். விரல் ஒரு பக்கம் போனது, பொத்தான் ஒரு பக்கம் போனது. அடுப்படி வாசலில் நின்று பார்த்த அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. விடிந்தும் விடியாத நேரத்திலேயே குடித்திருக்கிறான்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். இப்படிப்பட்ட காலைகளில் அவள்தான் ஃபோனை எடுப்பாள். "அவருக்குக் காய்ச்சல் சார்..." என்பாள். பிறகு சலவைக் கடைக்குப் போய், கால் வீங்கும்வரை நின்றபடி துணி தேய்ப்பாள். போன வாரம் பள்ளி மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை லீவு என்றால் வேலை கிடையாது.

"முகத்தக் கழுவிட்டுக் கிளம்புப்பா. காத்து பட்டா சரியாயிடும்" என்றாள் மாமியார்.

"அத்தை, அவரால நிக்கவே முடியல."

"உன் வாய்தான்மா அவனக் குடிக்க வைக்குது. வீட்டுல நிம்மதி இருந்தா எவன் பாட்டிலத் தேடறான்?"

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பேச்சு. அவள் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

"சாவியக் குடு" என்றான் அவன்.

"மாட்டேங்க. ஊரார் பெத்த பிள்ளைங்க உக்கார்ற வண்டி."

"இத்தனை நாள் ஓட்டல? ஒரு கீறல் விழுந்துச்சா?"

"விழல. விழற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணுமா..."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அவள் சாவியை விடவில்லை. அவனே தடுமாறி நாற்காலியில் சரிந்தான். அவள் ஃபோனை எடுத்தாள். வழக்கம்போலக் கெஞ்சப்போகிறாள் என்று நினைத்து மாமியார் பெருமூச்சு விட்டாள்.

"சார், வேற டிரைவர அனுப்பி வண்டிய எடுத்துக்கங்க. அவருக்குக் காய்ச்சல் இல்ல. குடிச்சிருக்கார்."

விசாரணை முடியும்வரை அவன் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள் பள்ளியில். அன்றிலிருந்து வீட்டில் அவளோடு யாரும் பேசவில்லை. அவள் சமைத்ததை மாமியார் தொடவில்லை. கணவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். எழுந்தால் சாராயக் கடைக்குத்தான் போனான். செய்தி கேட்டு நாத்தனார் வந்து இறங்கினாள்.

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே அண்ணி... அண்ணனுக்கு இனிமே எவன் வேலை குடுப்பான்?"

மேலாளர் வீட்டுக்கே விசாரிக்க வந்தார். நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"புருஷன் பொண்டாட்டி சண்டை சார். ஆத்திரத்துல இவ பொய் சொல்லிட்டா. அம்மா, நீ சொல்லு."

மேலாளர் மாமியாரிடம் திரும்பினார். "நீங்க பெரியவங்க. சொல்லுங்கம்மா."

கிழவி மகனைப் பார்த்தாள். அந்த நேரத்திலும் அவன்மீது சாராய நெடி வந்தது. பிறகு மருமகளைப் பார்த்தாள். அவள் எதையும் மறுக்கத் தெம்பில்லாமல் கதவில் சாய்ந்து நின்றாள். மணிக்கட்டில் கன்றிய இடம் பச்சை பூத்திருந்தது.

"என் மருமக பொய் சொல்லல சார். அவன் குடிச்சுத்தான் இருந்தான். இத்தனை நாள் காய்ச்சல்னு சொன்னதுதான் பொய். அதை அவ வாயால சொல்ல வச்சது நாங்க."

"அம்மா, என்ன பேசறே..."

"நீ சும்மா இரு. அன்னிக்கு அந்த வண்டியில உன் பிள்ளைய ஏத்தி விட்டிருப்பியா?"

கணவன் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினான்.

"விடணும்னுதான் நினைக்கறேன்மா... முடியல. என்னை எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துடுங்க."

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அன்றைக்கே அவனைக் குடியை மறக்கடிக்கும் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அவள் வீடு திரும்பினாள். மாமியார் சோறு போட்டு வைத்திருந்தாள். மருமகளின் மணிக்கட்டை மெல்லத் தொட்டாள்.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல அத்தை."

"அன்னிக்கே கேட்டிருக்கணும்டி நான்... கண்ணால பாத்துட்டு உன்னையே ஏசினேனே."

அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள் கிழவி. அத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

"அவர் திருந்துவாரான்னு தெரியல அத்தை."

"எனக்கும் தெரியல. நீ சாப்பிட்டுப் படு. எவ வந்து என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

அவள் சாப்பிட்டாள். வெயில் விழுந்த அறையில் ஒரு பாயை விரித்துப் படுத்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மாமியார் எழுந்து போகும் காலடி கேட்டது. அவள் புரண்டு படுத்துத் தூங்கிப்போனாள்.