முயல் விளக்கின் பேட்டரிகள்

“செத்த பேட்டரிக்கு உள்ள இருட்டா இருக்குமாப்பா?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். ரேடியோ ரிப்பேர்காரரான அவள் அப்பா சிரித்துக்கொண்டே, அவளுடைய முயல் விளக்கின் இரண்டு பேட்டரிகளையும் தன் மின்சாரம் அளக்கும் மீட்டருக்காகக் கழற்றிக்கொண்டார். “காலையில திருப்பித் தந்துடறேன் கண்ணு.” அன்றிரவு அவளுக்குக் காய்ச்சல் ஏறியது யாருக்கும் தெரியவில்லை. இருட்டிலேயே உயிர் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அந்தப் பேட்டரிகளுக்காக அவர் ஒரு சார்ஜர் கட்டி முடித்தார்.

மனைவி டீயை வைத்தாள். “தூக்கிப் போடற பேட்டரிக்கு ஒரு கம்ப்யூட்டர் மூளையா? கடையில புதுசு கிடைக்காதா என்ன?”

“பாப்பா பேனாவால கண்ணு மூக்கு வரைஞ்ச பேட்டரி கடையில கிடைக்காதும்மா.”

அவள் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுப் போனாள்.

அவசரப்பட்டால் இந்தப் பேட்டரிகள் வெடிக்கும். அதனால் சார்ஜரின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் ஒரு துளி மின்சாரம் கொடுத்து, இரண்டு விநாடி ஓய்ந்து, அளந்து பார்த்து, மறுபடி கொடுத்தது. ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்றது. ஈயம் உருகிய வாடையும் ஈரச்சுவரின் வாடையும் கலந்த அந்த மேசையில், ஓய்வு நேரத்தில் மட்டும் சார்ஜர் திரையில் மின்னளவைக் காட்டும் எண் சரசரவென்று இறங்குவதை அவர் கவனித்தார். ஒயரை மாற்றினார், பற்றவைப்பைத் தடவிப் பார்த்தார். எங்கும் பழுதில்லை. யாரோ அதில் விளக்கு எரிப்பதுபோல் இறங்கியது.

“என்னங்க,” அடுக்களையிலிருந்து குரல், “பாப்பா ரூம்ல எதுக்கு லைட்டு?”

அவர் போடவில்லை.

கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம். கட்டிலில் முயல் எரிந்துகொண்டிருந்தது. புரட்டி, அடிமூடியைக் கழற்றினார். பேட்டரி இருக்கவேண்டிய குழியில் இரண்டு ஸ்பிரிங் மட்டும். கூடத்தில் ‘டிக்’. முயல் அணைந்தது. இருட்டில் ஒரு விசும்பல். ஓய்வு. எரிந்தது. விசும்பல் நின்றது.

டிக். மறுபடி விசும்பல்.

எண் ஒருவழியாக ஏறி நிற்கும்வரை கூடத்து மேசையருகே கைகூப்பி நின்றார். பிறகு பேட்டரிகளை உருவினார். பாப்பாவின் அறை முழுதும் இருண்டது.

“நீ வராதேம்மா,” என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். முயலின் குழியைத் தடவி ஒன்றைப் போட்டார். இன்னொன்று. மூடி நழுவித் தரையில் உருண்டது.

குனியவில்லை. அதற்குள் மூடி அவர் உள்ளங்கையில் இருந்தது. ஜில்லென்று.

மூடினார். முயல் எரிந்தது. விசும்பல் இல்லை. கட்டிலில் யாரும் இல்லை. போர்வைக்கடியிலிருந்து நீண்ட ஐந்து சின்ன விரல்கள் மட்டும் அவர் சுட்டுவிரலைப் பிடித்திருந்தன.

விடவில்லை.