நின்றால் எரியும் விளக்கு

காரிடாரில் விளக்கு எரிந்தது. மனைவி எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். பூனை அவன் மடியில் சுருண்டு கிடந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. காரிடார் வாசலில் ஒரு பாய் அளவுக்கு வெளிச்சம் விழுந்து, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து, அணைந்தது.

"பாத்தீங்களா? மறுபடியும்," என்றாள் மனைவி. "நேத்தும் இப்படித்தான்."

"பல்லி கில்லியா இருக்கும்."

"பல்லிக்கெல்லாம் எரியற லைட்டா? எலக்ட்ரீஷியன் வீட்டுலயே இந்த லட்சணம்னா நம்மள எவன் கூப்பிடுவான்?" என்று சிரித்தாள். தன் அம்மா செத்துப்போன பிறகு அவள் சிரித்ததே இல்லை. கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் பார்த்தான். வாய் கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை.

பல்லிக்கு அது எரியாது. பூனைக்கும் எரியாது. தரையோடு போகிற எதற்கும் எரியாது. ஆள் நின்றால் மட்டும்தான் எரியும். அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஊரில் எத்தனையோ மாடிப்படிகளுக்கு, கார் நிறுத்துமிடங்களுக்கு, ஆள் அசைந்தால் எரியும் விளக்கைப் போட்டுக்கொடுத்தவன் அவன். நல்ல கைராசிக்காரன் என்று பெயர். வீட்டில் போட்டது மாமியாருக்காக. சரியாகச் சொன்னால், மாமியார் மேல் இருந்த எரிச்சலுக்காக. ஜன்னலே இல்லாத அந்தக் காரிடாரில் பாத்ரூமுக்குப் போய்வரும் பெரியவள் ஒருநாளும் சுவிட்சை அணைத்ததில்லை.

"கரண்ட் ஆபீஸ்ல சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா அத்தை?" என்று கேட்பான்.

"இருந்தா உங்ககிட்ட ஏன் மாப்பிள்ளை பேச்சு வாங்கறேன்?" என்பாள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவிட்சையே பிடுங்கி, அந்த இடத்தை வெறும் பிளேட் போட்டு மூடிவிட்டு, பாத்ரூம் கதவுக்கு மேலே சென்சாரை மாட்டினான். அடுத்த தொல்லை பூனையிடமிருந்து வந்தது. அது குறுக்கே போகும்போதெல்லாம் விளக்கு பளிச்சென்று எரிந்து, படுக்கையறைக் கதவின் அடியால் வெளிச்சம் வந்து கண்ணில் குத்தியது. தொழிலில் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். சென்சாரின் வெள்ளைக் கண்ணில் கீழ்ப்பாதியை மறைத்துக் கறுப்பு டேப் ஒட்டினான். யாரிடமும் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது?

அன்றைக்குப் படுத்த பிறகு கதவுக்கு வெளியே துணி தரையில் இழுபடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நிற்கும், மறுபடி வரும். அப்புறம் கதவின் அடிப்பக்கத்தில் நகம் உரசியது. கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை. பூனைதான் என்று நினைத்து, எழுந்திருக்காமலே, "ச்சூ, போ!" என்றான். உரசல் நின்றது. தூங்கிப்போனான்.

விடிந்ததும் கதவைத் திறந்தவன் காலடியில் மாமியார் செத்துக் கிடந்தாள். பாத்ரூமில் விழுந்து அங்கிருந்து ஊர்ந்து வந்திருக்கிறாள். முழங்கை இரண்டும் தேய்ந்து, நீலப்பூப் போட்ட நைட்டியின் முழங்கால் பக்கம் முழுக்க அழுக்கு. மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்புவதற்கு முன்னால் அவன் பாத்ரூம் துணியை நனைத்துப் பிழிந்து, தரையில் இருந்த தடத்தைத் துடைத்தான். பிறகு அந்த முழங்கைகளையும் துடைத்தான். அதன் பிறகுதான் எழுப்பினான்.

"இங்கயே விழுந்திருக்காங்க. அசையவே இல்ல. அசைஞ்சிருந்தா லைட் எரிஞ்சிருக்கும்ல?"

பயத்தில் வாயில் வந்த பொய். அதைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "அம்மா கஷ்டப்படல. இவர் போட்ட லைட்டே சாட்சி," என்று சொல்லி அழுதாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அடக்கமான மனுஷன் என்று வந்தவர்கள் மெச்சினார்கள். அந்த மெச்சுதலைக் கேட்கும்போது பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்று இருக்கும். டேப்பை எடுக்க ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே அவனுக்குக் கூசியது.

"தம்பிக்குப் போன் பண்ணிட்டேன்," என்றாள் எதிரே டீயோடு உட்கார்ந்திருந்த மனைவி. "வேலை முடிச்சு நேரா இங்கதான் வரான். கழட்டிப் பாக்கறேன்னான்."

அவள் தம்பிக்கும் வயரிங் வேலைதான். டேப்பைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிடும். அக்காவிடம் சொல்லியும் விடுவான்.

"அவன் எதுக்கு? நானே பாக்கறேன்," என்று எழுந்தான். பூனை குதித்து ஓடியது.

வெளியே தூறிக்கொண்டிருந்த மழை வலுத்தது. மனைவி படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, விட்ட இடத்திலிருந்து துணி மடிக்க ஆரம்பித்தாள். அவன் ஸ்டூலை எடுத்துக்கொண்டு காரிடாருக்குள் நுழைந்தான். விளக்கு எரிந்தது. துடைத்து எத்தனை நாளாகியும் அங்கே இன்னும் ஈரத்துணி வாடை அடித்தது. மழையோசை சுவர்களுக்கு அந்தப்பக்கம் எங்கேயோ கேட்க, பாத்ரூம் குழாய் சொட்டுவதும் ஸ்டூலின் ஒரு கால் தரையில் தட்டுவதும் மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்டன. ஏறினான். டேப்பின் ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்தான். பழைய பசை, எளிதில் வரவில்லை.

சென்சாருக்குள் ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. அசைவு தெரிந்தால் மினுக்கும். களைத்துப்போய் அவன் கையை எடுத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

பொட்டு மினுக்கியது.

மூச்சைப் பிடித்தான். மறுபடியும் மினுக்கியது. முதுகுக்குப் பின்னால் யாரோ மெதுவாகக் கிட்டே வருவதுபோல, விட்டு விட்டு.

திரும்பினான். ஸ்டூல் சாய்ந்தது.

இடுப்பில் ஏதோ முறிந்த சத்தத்தை அவனே கேட்டான். கத்தியிருக்கலாம். கத்தினால் அவள் வருவாள். ஸ்டூலைப் பார்ப்பாள். அண்ணாந்து, மூலை உரிந்த டேப்பைப் பார்ப்பாள். அந்த வலியிலும் அதுதான் முதலில் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் கிடந்தான்.

விளக்கு அணைந்தது.

இப்போது கத்தினான். காற்று வந்தது. குரல் வரவில்லை. கையை உயர்த்தி ஆட்டினான். சென்சார் பார்க்கும் உயரத்துக்கு அது எட்டவில்லை. சுவரைத் தடவினான். சுவிட்ச் இருந்த இடம் அவன் கைக்கு மேலே எங்கேயோ இருந்தது. இருந்தும் என்ன, வெறும் பிளேட்தானே.

ஊர்ந்தான். முழங்கை, இடுப்பு, முழங்கை. சட்டை தரையில் இழுபட்டது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

கதவுக்கு அந்தப்பக்கம் மனைவி தம்பியோடு போனில் பேசுவது கேட்டது. "மழைன்னா நாளைக்கு வாடா. அவசரம் ஒண்ணுமில்ல."

கதவின் அடியில் நகத்தால் உரசினான்.

"இருடா, பூனை கதவைப் பிறாண்டுது," என்றாள். பிறகு சத்தமாக, "ச்சூ, போ!"

அவன் கை நின்றது. மூஞ்சியைத் தரையில் புதைத்துக்கொண்டான். ஈரத்துணி வாடை. இப்போது பக்கத்தில்.

விளக்கு எரிந்தது.

"ஆங், லைட் எரியுது. உங்க மாமா நடந்துட்டு இருக்காரு. அவரே சரி பண்ணிடுவாரு, நீ வை," என்றாள் மனைவி உள்ளே.

அவன் முகத்துக்கு நேரே இரண்டு பாதங்கள். வெடித்த குதிகால்கள். மேலே நீலப்பூ நைட்டி; முழங்கால் பக்கம் மட்டும் அழுக்கேறி, தேய்ந்து. நின்றுகொண்டிருந்தாள். அவன் நிமிரவில்லை. நிமிர முகம் இல்லை.

அவள் குனிந்தாள். அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். பிழிந்த ஈரத்துணியால், அவசரமே இல்லாமல், ஒரு பொட்டு அழுக்குக்கூட மிச்சமில்லாமல், அவன் முழங்கையைத் துடைக்க ஆரம்பித்தாள்.