பேஸ் டிரம்முக்குள் ஒரு மூச்சு

உடுமலைப்பேட்டையைத் தாண்டி, தென்னந்தோப்புக்குள் பதுங்கியிருந்த அந்தப் பழைய வீட்டின் முன் எழில் வேனை நிறுத்தியபோது உச்சி வெயில். ஆனாலும் தோப்புக்குள் இருட்டு தேங்கிக் கிடந்தது. அழுகிய மட்டையின் வாடை மூக்கில் அடித்தது.

"ஏனுங்க, இந்த ஊடுதானுங்களா?" என்றாள் அன்புச்செல்வி.

"ஃபோன் இதத்தான் காட்டுது அம்மணி. ஆளைத்தான் காணோம்."

ஆள் இருந்தார். கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். கந்தப்பன் என்று பெயர் சொன்னார். விற்பனைக்கு என்று விளம்பரத்தில் போட்டிருந்த டிரம் செட்டைக் கழற்றி, கூடத்தில் தயாராக வைத்திருந்தார். சின்ன அளவு. முழங்கால் உயரத்துக்கு, காலால் பெடலை மிதித்து அடிக்கும் ஒரு பேஸ் டிரம், குச்சியால் அடிக்க ஒரு ஸ்னேர், இரண்டு டாம், சிம்பல்கள். சிங்காநல்லூரில் வாடகை வீட்டின் பின்னறையில் புருஷனும் பெண்டாட்டியும் நடத்திவந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அளவெடுத்துச் செய்தது போலிருந்தது. எழில் வாசிப்பான், அன்பு பதிவு செய்வாள். அதுதான் பிழைப்பு.

"யாரு வாசிச்சதுங்க?"

"சின்ன மகனுங்க. இப்ப இல்லீங்க."

"ஒருக்கா தட்டிப் பாக்கலாமுங்களா?"

"இங்க வேண்டாம் தம்பி!" கந்தப்பன் பதறினார். "ஊட்டுக்குப் போய்ப் பாத்துக்குங்க. புடிக்கலீன்னாலும் திருப்பிக் கொண்டாந்துபோடாதீங்க."

வேன் தோப்பை விட்டு வெளியேறியதும் எழில் சிரித்தான். "தட்டிப் பாக்காம வாங்கிக்கோங்கன்னு சொல்ற மனுசனை இப்பத்தான் பாக்கறேன்."

"பல்லைக் காட்டுனது போதும். ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

மறுநாள் காலை டிரம்மைப் பொருத்தினார்கள். பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. சத்தத்தை விழுங்குவதற்காக நான்கு சுவரிலும் பவானி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். கதவைச் சாத்தினால் பகலிலும் கிணற்றுக்குள் இறங்கியது மாதிரி இருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அன்பு, அந்தப் பக்கம் டிரம். பேஸ் டிரம்மின் முன்தோலில் இருந்த ஓட்டைக்குள் ஒரு மைக்கை நுழைத்தாள். ஸ்னேருக்கு ஒன்று. தலைக்கு மேலே இரண்டு.

எழில் தண்ணீர் குடிக்கப் போனான். அன்புவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசிப்பதற்கு முன்னால் காலி அறையைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து கேட்பாள். ஃபேன் சத்தம், ஒயர் இரைச்சல் ஏதாவது இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

மேலே இருந்த மைக்குகளில் ஒன்றுமில்லை. ஸ்னேர் மைக்கிலும் ஒன்றுமில்லை.

பேஸ் டிரம் மைக்கில் மட்டும், யாரோ மூச்சு விட்டார்கள்.

அறைக்குள் ஆள் இருந்தால் எல்லா மைக்கிலும் கேட்டிருக்க வேண்டும். இது டிரம்முக்குள்ளே இருந்து வந்தது. அவள் பயந்து ஹெட்போனைக் கழற்றியிருக்கலாம். ஆனால் காதைத் தொழிலாக வைத்திருப்பவர்கள் அப்படிச் செய்வதில்லை. சின்னச் சத்தம் கேட்டால் கை தானாக ஒலியைக் கூட்டும் குமிழுக்குப் போகும்.

கூட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு உற்றுக் கேட்டாள்.

மூச்சு ஒரு கணம் நின்றது. யாரோ தன்னைத் திரும்பிப் பார்த்தது போல.

அதற்குள் எழில் வந்து உட்கார்ந்துவிட்டான். வாசிக்கத் தொடங்கினான். நன்றாகத்தான் வாசித்தான். அது அவன் வாசிப்பே இல்லை என்னும் அளவுக்கு நன்றாக. அன்பு கையைக் காட்டினாள், போதும் என்று.

அவன் நிறுத்தவில்லை.

"விளையாடாதீங்க. போதுமுங்க!"

ஹெட்போனில் அவன் குரல் நடுங்கியது. "நிறுத்த முடியல அம்மணி. காலு என்னோடது இல்ல."

ஓடினாள். கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்த கை அவளை உதறித் தள்ளியது. மைக்குகளைப் பிடுங்கி எறிந்தாள். நிற்கவில்லை. குச்சிகளைப் பறித்தாள். வெறுங்கையால் அடித்தான். ஸ்னேர் தோலில் ரத்தம் தெறித்தது. அவன் கண்கள் மட்டும் அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தன.

ஃபோனை எடுத்தாள்.

"மைக் வெச்சீங்களா கண்ணு?" கந்தப்பனின் முதல் கேள்வியே அதுதான்.

"வெச்சேன். உள்ள மூச்சு கேட்டுது. சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன்."

"கேட்டுப்போட்டீங்களா..." அவர் குரல் உடைந்தது. "உசுரோட இருந்தப்ப சின்னவன் வாசிச்சதை யாரும் கேக்கலீங்க. நானே கதவைச் சாத்திப்போடுவேன். கேக்கறதுக்கு ஆளு கெடச்சா விடமாட்டான். என்ற பெரிய மகன் இதுல உக்காந்தப்ப, மருமக கேட்டுட்டிருந்தா. எங்களால நிறுத்த முடியல. அவ வெளிய போனா. அப்பத்தான் நின்னுது."

அதற்கு மேல் அன்பு கேட்கவில்லை. தெருவுக்குப் பாய்ந்தாள். சுள்ளென்ற வெயில். காய்கறி வண்டி. பஸ் ஹாரன். ஃபோனைப் பிடித்த கையோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பொத்திய கைகளையும் மீறி உள்ளிருந்து கேட்ட அடி தளர்ந்தது. இன்னும் தளர்ந்தது.

அப்பாடா என்று கையை எடுத்தாள். ஃபோனில் கந்தப்பன் கத்திக்கொண்டிருந்தார்.

"வெளிய போகாதீங்க கண்ணு! சத்தம் நின்னப்ப என்ற மகனுக்கு மூச்சும் நின்னுபோச்சு!"

திரும்பி ஓடினாள்.

எழிலின் தலை சரிந்திருந்தது. உதடு நீலம். கால் மட்டும் எப்போதோ ஒருமுறை பெடலை மிதித்தது. அன்பு அவன் முன்னால் மண்டியிட்டாள்.

"கேக்கறேன். நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன். வாசி சாமி, வாசி."

அடி வேகமெடுத்தது. எழிலின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. அவன் மயங்கி விழும்வரை, தன் புருஷனின் கைகள் கிழிவதைப் பார்த்தபடி, அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கைக்கும் கட்டுப் போட்டார்கள். எழில் கண் திறக்கவில்லை. போர்வைக்குள் வலது கால் மட்டும், விழுந்ததிலிருந்து நிற்காமல், தாளம் தட்டியது. நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். டீ வாங்கலாம் என்று அன்பு வாசல்வரை போனாள். தாளம் தடுமாறியது, அவன் மூச்சும் தடுமாறியது. வந்து உட்கார்ந்தாள். சீரானது.

மறுநாள் மாலை நர்ஸ் நவ்யா வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"அக்கா, நேத்திலிருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. கேன்டீனுக்குப் போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கறேன். அதுதான் அந்தத் தம்பியும் இருக்காரே?"

"எந்தத் தம்பி?"

"கட்டில் காலடியில உக்காந்திருக்காரே. உங்க கொழுந்தனாருங்களா? நீங்க எந்திரிக்கறப்பெல்லாம் மூஞ்சி வாடிப்போகுது, பாவம்."

அன்பு அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் எங்கயும் போகல," என்றாள்.

நர்ஸிடம் அல்ல.