டங் என்ற மேசை

எங்கள் வகுப்பில் பேச அம்மாவை அழைத்திருந்தார்கள். அம்மா காந்தங்களை ஆராய்பவர். எனக்கு ஒரே கவலை. போன வாரம் வந்த தீயணைப்பு வீரர் குழாயில் தண்ணீர் பீய்ச்சிக் காட்டினார். அம்மா காட்டப்போவதோ கண்ணுக்கே தெரியாத காந்தம்!

அம்மா மேசைமேல் திசைகாட்டிகளை வரிசையாக வைத்தார்.

"ஒரு படிகத்துக்குள்ள குட்டிக் காந்தங்கள் இப்படி ஒத்தை வரிசையில நிக்கும். ஒண்ணு இந்தப் பக்கம் பார்த்தா, அடுத்தது அந்தப் பக்கம் பார்க்கும்."

முட்களோ ஆளுக்கொரு திக்கில் நின்றன. அம்மா தட்டினார், குலுக்கினார். ஊஹூம்.

"இன்னிக்குக் காந்தத்துக்கு லீவா ஆன்ட்டி?" என்றான் கடைசி பெஞ்ச் நெட்டையன்; எங்களுக்கு அவன் ஒட்டகம். வகுப்பே சிரித்தது. அம்மாவின் காது சிவந்தது.

நான் வெட்கத்தில் என் மேசைமேல் தலையைக் கவிழ்த்தேன்.

டங்!

வலித்தது. ஆனால் விஷயம் புரிந்தது. ஓடிப்போய் அம்மாவின் காதில் சொன்னேன்: "அம்மா, இங்க எல்லா மேசையும் இரும்பு!"

"ஐயையோ! எங்க ஆராய்ச்சிக்கூடத்துல எல்லாம் மரமாச்சேடி!"

நாள் முழுக்கக் காந்தத்தோடு குடித்தனம் நடத்துபவர், அதை இரும்பின்மேல் வைத்துவிட்டார். அவசர அவசரமாகத் திசைகாட்டிகளைப் பொறுக்கினார். எனக்குப் பாவமாக இருந்தது.

"நாங்களே காந்தமா நிக்கிறோம்மா. டேய் ஒட்டகம், நீதான் நடுவுல!"

பெஞ்சுகளுக்கு இடையே ஒரு வரிசைக்குத்தான் இடம். ஒருவர் ஜன்னலைப் பார்த்தால், அடுத்தவர் வாசலைப் பார்க்க வேண்டும். எங்கள் டீச்சர் எங்களைச் சோதிக்கப் பிஸ்கட் டப்பாவோடு வாசலுக்கு வெளியே போய் நின்றார்.

டீச்சர் ஓரடி வைத்தார். யாரும் அசையவில்லை. மூடியைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்து நின்ற மூக்குகள் துடித்தன. இன்னும் ஓரடி. ஒட்டகம் நெளிந்தான். இன்னும் கொஞ்சம்தான்...

சட்டென்று மொத்த வரிசையும் வாசலைப் பார்த்தது!

"இதேதான்!" அம்மா துள்ளினார். "ஐஸ் தண்ணியா மாறச் சூடு வேணும். எங்க படிகத்துல சூடுங்கிறதே இருக்காது, அப்படி ஒரு குளிர். அதுலயும் இந்தக் குட்டிக் காந்தங்களால சும்மா இருக்க முடியாது. வெளியிலிருந்து இழுக்கிற காந்தத்தைக் கூட்டிக்கிட்டே போனா, ஒரு கட்டத்துல அணிவகுப்பே மாறிடும். அணு அளவுல நடக்கிற குவாண்டம் சேட்டை!"

"அப்ப அதுங்களும் நம்ம வகுப்புதான்," என்றார் டீச்சர்.

பிஸ்கட் டப்பா வரிசையில் கைமாறியது.

"பழையபடி மாறி மாறி நிக்க வைக்க என்ன பண்ணணும் ஆன்ட்டி?" என்றான் ஒட்டகம்.

"பிஸ்கட்டைத் தள்ளி வைக்கணும்."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "எங்க ஆன்ட்டி தள்ளி வைக்கிறது? எல்லாம் உள்ள போயாச்சே!"

அம்மா சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. இந்த முறை வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்தேன்.