கழித்தால் வரும் பக்கம்

டீ குடிக்கப் போகும் முன் அந்தப் பக்கத்தில் ஆறு வரிகள் இருந்தன. திரும்பி வந்து பார்த்தால் ஏழு.

எண்ணியதில் தப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். காலையிலிருந்து திரையையே முறைத்துக்கொண்டிருந்தால் ஆறு ஏழாகத் தெரியாமல் என்ன செய்யும்? விடுமுறை நாள் வேறு. ஆபீஸ் முழுக்க அவள் ஒருத்திதான். ஏசியின் ஓயாத முனகலும், யாரோ அணைக்காமல் போன பிரிண்டர் விட்டுவிட்டுப் போடும் உறுமலும், கார்ப்பெட்டிலிருந்து கிளம்பும் ஈரத் துணி வாடையும், ஆளில்லாத நாற்காலிகள் சாயங்கால வெளிச்சத்தில் தரையில் நீட்டியிருந்த நிழல்களும் சேர்ந்து அவளை ஓரிடத்தில் உட்காரவிடாமல் படுத்திக்கொண்டிருந்தன. எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எண்ணினாள். ஏழுதான்.

அது மாற வழியே இல்லை. ஒரு க்ராஷ் டம்பிலிருந்து எடுத்த மெமரிப் பக்கம் அது. ஒரு மெஷினின் கர்னல், அதாவது அதை உள்ளிருந்து இயக்கும் மூல புரோகிராம், தடாலென்று விழும்போது, அந்த நொடியில் மெமரியில் இருந்த அத்தனையையும் அள்ளி ஒரு ஃபைலில் கொட்டிவிட்டுத்தான் சாகும். செத்தவனுக்கு எடுத்த எக்ஸ்ரே மாதிரி. எக்ஸ்ரேயில் எலும்பு வளருமா?

செத்தது ஒரு குளிர்கிடங்கின் கதவுகளைப் பூட்டித் திறக்கும் மெஷின். போன வாரம் அது விழுந்தபோது நாலாம் அறைக்குள் ஒரு லோடுமேன் இருந்தார். உள்ளே சுவரில் அவசர பட்டன் உண்டு. பேட்ஜை அதன்மேல் வைத்து அழுத்தினால் கதவு திறக்க வேண்டும். பாவம், அழுத்தியிருக்கிறார். திறக்கவில்லை. மறுநாள் காலையில் ஆட்கள் வந்து திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பட்டன் ஏன் வேலை செய்யவில்லை என்று இந்த டம்பைக் குடைந்து பார்ப்பதுதான் இவளுக்கு வந்த வேலை.

அவளை அரித்தது அதுகூட இல்லை. இன்று அதே நாலாம் அறைக்குள் ஃபேனைச் சரிசெய்யப் போயிருப்பது அவள் வீட்டுக்காரன். குளிர்சாதன மெக்கானிக். புது மெஷின் மாட்டியாகிவிட்டது, பயமில்லை என்று கிடங்கில் சொல்லியிருந்தார்கள்.

"வேற யாராவது போகட்டுமே" என்று காலையில் சட்டையில் பேட்ஜைக் குத்திவிட்டபடி முணுமுணுத்தாள்.

"நீ பொழுதன்னைக்கும் பொணத்தைப் பாக்குறவ. உனக்கு எல்லாமே பொணமாத்தான் தெரியும்."

"வாயைக் கழுவுங்க முதல்ல!"

சிரித்துக்கொண்டே போய்விட்டான் அந்த மனுஷன்.

திரையில் இருந்த அந்தப் பக்கத்தில் வரிக்கு ஒரு பேட்ஜ் எண்ணும் ஒரு நேரமும் இருந்தன. ஒரு அழுத்தலுக்கு ஒரு வரி. முதல் ஆறும் லோடுமேனுடைய எண். ஏழாவது வேறு எண். அதில் இன்றைய தேதி இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே எட்டாவது வரி வந்து உட்கார்ந்தது. அதே எண். காலையில் தன் கையால் குத்திவிட்ட எண்.

கணவனுக்கு போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. டீம் லீடர் தாடிக்குப் போட்டாள்.

"என்ன கழித்தல் கண்மணி, லீவு நாள்ல என் உசிரை வாங்குற?"

கிண்டலுக்குக் காரணம் உண்டு. கர்னல் சொல்லும் அட்ரஸ் வெறும் விர்ச்சுவல் அட்ரஸ், கூப்பிட வைத்த பெயர் மாதிரி. சிப்பில் அது நிஜமாக எங்கே இருக்கிறது என்பதை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பல அட்ரஸ்களுக்கு ஒரு நிலையான எண்ணைக் கழித்தால் போதும், நிஜ இடம் வந்துவிடும். அவள் அதை மனக்கணக்காகவே போடுவாள்.

"எந்த அட்ரஸைக் கழிச்ச? படி பாப்போம்" என்றான் தாடி.

படித்தாள்.

"ஐயையோ! அது கழிக்கிற வகையே இல்லம்மா. அதுக்கெல்லாம் எது எங்க இருக்குன்னு சொல்ற அட்ரஸ் டேபிள் ஒவ்வொண்ணா நடந்துதான் போகணும். கண்ணை மூடிக்கிட்டுக் கழிச்சியா?"

"கழிச்சதுக்குப் பக்கம் வந்துச்சே!"

"எப்படி வரும்? உன் கணக்குப்படி அது மெமரி முடிஞ்சு போன இடத்துக்கும் அப்பால இருக்கு. அந்த மெஷின்ல அப்படி ஒரு இடமே கிடையாது. எரர்னுதான் வரணும். பசி மயக்கத்துல உளர்ற. போய் ஏதாவது சாப்பிடு." வைத்துவிட்டான்.

இந்தத் தடவை டேபிள் டேபிளாக ஒழுங்காக நடந்தாள். முதல் டேபிளில் ஒரு வரி, அது காட்டிய அடுத்த டேபிள், அதற்கடுத்தது, கடைசி டேபிள், அங்கிருந்து நிஜமான பக்கம். அதில் இரண்டே வரிகள். லோடுமேன் இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார், மெஷின் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் மற்ற நாலு? மெஷின் செத்த பிறகும் அந்த மனிதர் அழுத்திய நாலு தடவையை யார் எழுதிவைத்தது?

தப்பான பக்கத்துக்கே திரும்பினாள். ஒன்பது. பத்து. எல்லாம் அவள் வீட்டுக்காரனின் எண்.

கிடங்கு வாட்ச்மேனுக்கு அடித்தாள்.

"நாலாம் ரூமைத் திறங்க! எங்க வீட்டுக்காரர் உள்ள மாட்டிக்கிட்டிருக்கார்!"

"சாரா? சார் அப்பவே கிளம்பிட்டாரே மேடம். நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன். நல்லா சிரிச்சிக்கிட்டே போனார்."

"உள்ள யாரும் இல்லையே?"

"டார்ச் அடிச்சுப் பாத்தேன் மேடம், ஈ காக்கா இல்ல. அப்புறம் வெளிப்பூட்டையும் சார்தான் போட்டார். சாவியையும் கையோட கொண்டு போயிட்டார். உங்க ஆபீசுக்குத்தான் வர்றதா சொன்னார்."

அப்பாடா! நாற்காலியில் சரிந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஏதோ புரோகிராமில் கோளாறு. இருக்கட்டும். உயிரோடு இருக்கிறான், அது போதும்.

பதினொன்று.

பிரிண்டர் உறுமி அடங்கியது. லிஃப்ட் திறக்கும் சத்தம். காலடி. அவன் காலடிதான்.

"வேலை முடிஞ்சுது, வா போலாம்" என்றான் வாசலில் நின்று.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவனே. அவன் குரல், அவன் முகம். சட்டையில் மட்டும் எப்போதும் இருக்கும் எண்ணெய் வாடையோ வியர்வையோ எதுவும் இல்லை. கழுவித் துடைத்த இரும்பின் வாடை அடித்தது. 

"பேட்ஜ் எங்க? உள்ள விட்டுட்டீங்களா?" அப்படி இருந்துவிட வேண்டும் என்று தவித்தாள்.

"இதோ இருக்கே."

சட்டைப் பையில் இருந்தது. அதே எண். திரையில் பன்னிரண்டாவது வரி. அதே எண்.

ஒரே அட்ரஸ். இரண்டு இடம். அவள் இன்று நாளெல்லாம் செய்த தப்பு. இப்போது கட்டிக்கொண்டிருப்பது எதை?

கையை விலக்கினாள். மெதுவாக. பின்னால் நகர்ந்தாள். மேசை இடித்தது.

"சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க!"

தரவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தான். அது என்ன பக்கம் என்று அவள் அவனிடம் சொல்லவே இல்லை.

பதின்மூன்று. நெடுநேரம் கழித்து, பதினான்கு. அழுத்துகிறவன் களைத்துக்கொண்டிருந்தான்.

அவள் போனை எடுக்கக் கையை நீட்டினாள். அந்தக் கையின்மேல் அவன் கை வந்து படிந்தது. சில்லென்று. எலும்பு வரை.

"விடு" என்றான், ஆறுதலாக. "முன்னாடி உள்ள இருந்த லோடுமேனும் இப்படித்தான். இன்னும் கொஞ்ச நேரம் அழுத்துவான். அப்புறம் நிறுத்திடுவான்."

திரையில் இன்னொரு வரி வந்தது.