எடை பார்க்கப் போன குழந்தை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், பெற்ற பிள்ளையைத் தொலைத்த கிராதகி என்று இருபத்தாறு ஆண்டுகளாக இத்தெருவில் அழைக்கப்பட்டு வந்த சலவைக்கடைக்காரி, மகள் கிடைத்துவிட்டாள் என்ற இன்று காலை எட்டு மணிச் செய்திக்குப் பிறகு, பிள்ளைக்காகக் காத்திருந்த தியாகத்தாயாக நியமிக்கப்பட்டிருக்கிறாள்.

பதவியைக் கொண்டாட அவளுக்கு நேரமில்லை. பதினோரு மணிக்கு மகள் வருகிறாள். பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் களவுபோன மகள். தூக்கிப்போய் வளர்த்தவள் போன வாரம்தான் ஒரு போலிப் பிறப்புச் சான்றிதழால் போலீஸில் மாட்டினாள். ‘ஒருதடவை வந்து பார்க்கிறேன், மனசு ஒட்டினால் மறுபடி வருகிறேன்’ என்று இன்ஸ்பெக்டரம்மாவிடம் சொல்லியனுப்பியிருந்தாள் மகள். அந்த ஒருதடவைக்காகச் சலவைக்காரி ஒரே மேஜைவிரிப்பை நான்காம் முறையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“டீ குடிச்சியா?” என்றார் கணவர்.

அவள் கை நின்றுவிட்டது. குழந்தை போனதிலிருந்து அவர் சுவரிடம்தான் பேசுவார். “சாப்பாடு ஆச்சா” என்று சுவரைக் கேட்பார், இவள் பரிமாறுவாள்.

வாசலில் எதிர்வீட்டுக்காரி டிவி நிருபரிடம் நேரலையில் அழுதுகொண்டிருந்தாள். “எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரிங்க...” இவள் தெருவில் நடந்தால் தன் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திய அதே கூடப்பிறந்தவள்தான்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாத்தனார் உள்ளே வந்தாள். பின்னாலேயே பழைய கோப்போடு இன்ஸ்பெக்டரம்மா. கேமராவும் கூடவே நுழைந்தது.

“அண்ணா... குழந்தையைக் குடுத்தது அண்ணி இல்ல, நான்” என்றாள் நாத்தனார். “அண்ணி அசந்து தூங்கிட்டிருந்தாங்க. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தி எடை பார்க்கணும்னா. நம்பித் தூக்கிக் குடுத்துட்டேன். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்... மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா நின்னுடும்னு நம்ம அம்மா அண்ணி கால்ல விழுந்தாங்க. அண்ணி பழியைத் தன்மேல ஏத்துக்கிட்டாங்க.”

கணவர் மனைவி பக்கம் திரும்பினார். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி?”

“நீங்க சுவரைத்தானே கேட்டீங்க...”

நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு குமுறினாள். இத்தனை விலை கொடுத்து நடந்த அந்தக் கல்யாணம் மூன்றே வருஷத்தில் முறிந்துபோனது வேறு கதை.

“மேடம், இன்னொரு தடவை கட்டிப்பிடிங்க” என்றார் நிருபர். “எதிர்வீட்டம்மா தலை மறைச்சிடுச்சு.”

இன்ஸ்பெக்டரம்மா கோப்பைப் புரட்டிவிட்டுச் சலவைக்காரியைப் பார்த்தாள். “அப்போ நீங்க சொன்ன அடையாளம்? நல்ல உயரம், பூனைக்கண்ணு, கன்னத்துல மச்சம்?”

“நான்தான் பார்க்கவே இல்லையேம்மா. விடாம கேட்டாங்க... என்னை அடிச்ச கணக்கு டீச்சரை நெனச்சுச் சொல்லிட்டேன்.”

இருபத்தாறு வருஷமாக மூன்று ஊர்ப் போலீஸ் பூனைக்கண் நெட்டைகளையெல்லாம் நிறுத்தி விசாரித்திருந்தது.

“எடுத்தவ குட்டையா இருப்பாம்மா” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா மெதுவாக. “மச்சமும் கிடையாது. அதே ஆஸ்பத்திரியில தரை துடைக்கிறவ. அப்புறமும் நாலு மாசம் அங்கயேதான் வேலை பார்த்தா. பார்த்தவங்களை எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசவிட்டிருந்தா...”

 

சலவைக்காரி நாத்தனாரின் கைகளை மெல்ல விலக்கினாள். “அப்போ நான்தான் தொலைச்சிருக்கேன்” என்றாள்.

“அப்படிச் சொல்லாதீங்க அண்ணி...”

கணவர் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், கண் சுவரைத் தேடிப் போனது.

வாசலில் செல்போன்கள் முனகத் தொடங்கின. பத்தரைக்குள் பதவி பறிபோயிற்று. “பொய் சொல்லி போலீஸையே அலையவிட்டிருக்கா. எனக்கு அப்பவே தெரியும்” என்று எதிர்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பேட்டி கொடுத்தாள்.

பதினொன்று அடித்தது. தெருமுனையில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் சலவைக்காரி எழுந்தாள், உட்கார்ந்தாள். பதினொன்றரைக்கு இன்ஸ்பெக்டரம்மாவின் போன் அடித்தது. கேட்டாள், வைத்தாள்.

“வழியில இருக்காளாம்மா? வெயில்ல வர்றாளே... கொடை வச்சிருக்காளா?”

இன்ஸ்பெக்டரம்மா கோப்பை மூடினாள். “வந்துட்டுதான்மா இருந்தா. போன்ல எல்லாத்தையும் பார்த்திருக்கா.”

பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொல்லி, மகள் தன் அம்மாவைப் பார்க்கச் சிறைக்குப் போய்விட்டாள்.